ஸ்பானிஷில் ஒருவர் நம்மிடம் மன்னிப்புக் கேட்டால் என்ன பதில் சொல்வது? முழுமையான வழிகாட்டி

ஸ்பானிஷ் படிக்கத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே "பெர்தோன்", "லோ ஸியென்த்தோ" இரண்டும் வாயில் வந்துவிடும். மன்னிப்புக் கேட்கப் பழகிவிடுகிறோம். ஆனால் எதிரில் இருப்பவர் நம்மிடம் மன்னிப்புக் கேட்டால்? மாட்ரிட் மெட்ரோவில் ஒருவர் நம் காலை மிதித்துவிட்டு "பெர்தோன்" என்கிறார். சக ஊழியர் கூட்டத்துக்குத் தாமதமாக வந்து "ஸியென்த்தோ யெகார் தார்தே" என்கிறார். பதில் தெரியாததால் லேசாகச் சிரித்து, தலையை ஆட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறோம். அந்த மௌனத்தை அவர் கோபம் என்று எடுத்துக்கொள்ள எல்லா வாய்ப்பும் இருக்கிறது. நமக்குக் கோபமே இல்லை, சொல் வரவில்லை, அவ்வளவுதான்.

இந்த வழிகாட்டி அந்த இடைவெளியை நிரப்பத்தான். படிக்கப் போகிறவர்கள், லத்தீன் அமெரிக்க வாடிக்கையாளர்களோடு வேலை செய்பவர்கள், சுற்றுலா போகிறவர்கள் என யாருக்கும் இது பயன்படும். ஏறக்குறைய 20 நாடுகளில் ஸ்பானிஷ் ஆட்சிமொழி. எல்லா இடத்திலும் ஒரே பதில் ஒரே மாதிரி எடுபடாது. ஆனாலும் எங்கேயும் செல்லுபடியாகும் சில தொடர்கள் இருக்கின்றன. அவற்றிலிருந்து தொடங்குவோம்.

முதலில் உச்சரிப்பு பற்றிக் கொஞ்சம்

ஸ்பானிஷ் ஒலிகள் தமிழ் நாவுக்கு அவ்வளவு அந்நியமானவை அல்ல. "நாதா" என்ற சொல்லின் நடுவில் வரும் ஒலி, நாம் "அது", "பாதை" என்று சொல்லும்போது வரும் மெல்லிய "த"வேதான். "நோ தே ப்ரெயொக்கூப்பெஸ்" என்பதில் வரும் "தே" தேனில் வரும் "தே"; "தே நாதா" என்பதில் வரும் "தே" தேசத்தில் வரும் "தே". "பாஸா" என்பதில் பாலில் வரும் "பா". இவற்றை ஆங்கில உச்சரிப்பில் சொன்னால்தான் தவறாகும். தமிழில் சொல்வதுபோல் சொன்னால் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

கீழே "க்க", "த்த", "ப்ப" என்று இரட்டித்து எழுதியிருக்கும் இடங்களில் ஒலியை வல்லினமாகச் சொல்லுங்கள். ஆனால் அழுத்தி இழுக்க வேண்டாம். "பியென்" என்பதில் வருவது "பஸ்" என்னும்போது வரும் "ப". "திஸ்குல்ப்பே" என்பதில் வருவது தினத்தின் "தி". "க்ராஸியாஸ்" போன்ற சொற்களை லத்தீன் அமெரிக்காவில் "ஸ்" என்றுதான் சொல்வார்கள். ஸ்பெயினின் பெரும்பகுதியில் நடுவில் வரும் ஒலிக்கு நாக்கு நுனி பற்களுக்கிடையே வரும். எப்படிச் சொன்னாலும் எல்லோருக்கும் புரியும்.

படி 1: அது உண்மையிலேயே மன்னிப்புதானா?

பதில் சொல்வதற்கு முன் இதைக் கவனிக்க வேண்டும். பலர் தடுமாறுவது இங்கேதான்.

தெருவில் ஒருவர் உங்களைப் பார்த்து "திஸ்குல்ப்பே" அல்லது "பெர்தோனே" என்று சொல்லி நிறுத்துகிறார் என்றால், அவர் பெரும்பாலும் வழி கேட்கப் போகிறார். "சார், கொஞ்சம்" என்று நாம் கூப்பிடுவதுபோல அது. அதற்கு "பரவாயில்லை" என்று பதில் சொன்னால் அவர் குழம்பிப்போவார். "ஸி, தீகாமே" என்று சொல்லுங்கள்: சொல்லுங்க, என்ன வேண்டும் என்று பொருள். நண்பர் என்றால் "தீமே".

"பெர்தோன்?" என்று கேள்வியின் தொனியில் வந்தால், நீங்கள் சொன்னது காதில் விழவில்லை என்று பொருள். சொன்னதைத் திரும்பச் சொல்லுங்கள்.

"கோன் பெர்மீஸோ" என்பது வழி விடக் கேட்பது, அல்லது எழுந்து போக அனுமதி கேட்பது. அதற்கு "பாஸே" அல்லது "அதெலான்த்தே" என்றால் போதும். மெக்ஸிகோவில் இதற்கு "ப்ரோப்பியோ" என்று அழகாக ஒரு பதில் உண்டு. கொலம்பியாவில் "ஸீகா" என்பார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது "லோ ஸியென்த்தோ". தவறு செய்தவரும் இதைச் சொல்வார், துக்கம் விசாரிப்பவரும் இதையே சொல்வார். உங்கள் வீட்டில் ஒருவர் இறந்த செய்தி கேட்டு ஒருவர் "லோ ஸியென்த்தோ மூச்சோ" என்றால், அது ஆறுதல். "மி மாஸ் ஸென்த்தீதோ பேஸாமே" என்றாலும் இரங்கல்தான். இந்த இடத்தில் "நோ பாஸா நாதா" என்று சொல்லிவிடக் கூடாது. "ஒன்றும் ஆகவில்லை" என்று நீங்களே சொன்னதாகிவிடும். "க்ராஸியாஸ்", "மூச்சாஸ் க்ராஸியாஸ்" என்று நன்றி சொல்வதே வழக்கம்.

படி 2: யாரிடம் பேசுகிறோம்?

தமிழில் நீ, நீங்கள் என்று பிரிப்பதால் இது நமக்குச் சுலபமாகவே புரியும். ஸ்பானிஷில் "தூ" நெருக்கமானவருக்கு, "உஸ்தெத்" மரியாதைக்கு. வித்தியாசம் வினைச்சொல்லிலும் தெரியும்:

"நோ தே ப்ரெயொக்கூப்பெஸ்": கவலைப்படாதே.
"நோ ஸே ப்ரெயொக்கூப்பே": கவலைப்படாதீர்கள், ஒருவரிடம் மரியாதையாக.
"நோ ஸே ப்ரெயொக்கூப்பென்": பலரிடம்.
"நோ ஓஸ் ப்ரெயொக்குப்பேய்ஸ்": ஸ்பெயினில் மட்டும், நெருக்கமான பலரிடம்.

லத்தீன் அமெரிக்காவில் பலரிடம் பேச மூன்றாவது வடிவமே எல்லா நேரத்துக்கும் போதும். நான்காவதை ஸ்பெயின் போகிறவர்கள் மட்டும் கற்றுக்கொண்டால் போதும்.

யாருக்கு எது என்பதில் நாட்டு வழக்கமும் கலந்திருக்கிறது. ஸ்பெயினில் கடைக்காரர், சக ஊழியர், ஏறக்குறைய நம் வயதுள்ள அந்நியர் எல்லோரிடமும் சட்டென்று "தூ" வந்துவிடும். கொலம்பியாவில், குறிப்பாக பொகோட்டாவில், நண்பர்களுக்குள்ளும் குடும்பத்துக்குள்ளும்கூட "உஸ்தெத்" கேட்கலாம். கோஸ்டா ரிகாவிலும் அப்படித்தான். அர்ஜென்டினா, உருகுவேயில் "தூ" இருக்க வேண்டிய இடத்தில் "போஸ்" வரும்.

எனக்குச் சரியென்று படுவது இதுதான்: சந்தேகம் வந்தால் "நோ ஸே ப்ரெயொக்கூப்பே". மரியாதை கொஞ்சம் கூடினால் யாரும் வருத்தப்பட மாட்டார்கள். "என்னிடம் தூ என்றே பேசு" என்று அவர்களே சொன்ன பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

படி 3: முதலில் இந்த மூன்றும் வாயில் நிற்கட்டும்

"நோ பாஸா நாதா". ஒன்றும் ஆகவில்லை என்பது பொருள். ஸ்பெயினில் நாள் முழுக்கக் காதில் விழும் தொடர் இது. யாரிடமும் சொல்லலாம், நீ, நீங்கள் என்று மாற்ற வேண்டியதில்லை, ஆண், பெண் என்று பார்க்க வேண்டியதில்லை. தொடங்குகிறவருக்கு இதைவிட வசதியான பதில் கிடையாது. இடித்துவிட்டுப் போகிறவர், தவறான எண்ணுக்கு அழைத்தவர், கதவைத் தெரியாமல் திறந்துவிட்டவர் என எல்லோருக்கும் பொருந்தும். அவசரத்தில் சுருக்கி "நாதா, நாதா" என்றும் சொல்வார்கள்.

"நோ ஸே ப்ரெயொக்கூப்பே" மேலே பார்த்ததே. இதில் எதிரில் இருப்பவரின் மனதைக் கவனிக்கிறோம் என்பது தெரியும். அதனால் கொஞ்சம் கனமான தவறுக்கும் இது தாங்கும். எல்லா நாட்டிலும் செல்லும்.

"த்ராங்க்கீலோ". பதற்றப்படாதே, பரவாயில்லை என்ற அர்த்தம். ஆணிடம் "த்ராங்க்கீலோ", பெண்ணிடம் "த்ராங்க்கீலா", பலரிடம் "த்ராங்க்கீலோஸ்", எல்லோரும் பெண்கள் என்றால் "த்ராங்க்கீலாஸ்". பேசுகிறவர் யார் என்பதைப் பார்த்து இது மாறாது. யாரிடம் பேசுகிறோமோ அவரைப் பார்த்துத்தான் மாறும். நண்பர்களிடையே ஸ்பெயினில் "த்ராங்க்கி" என்று சுருங்கிவிடும்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். மன்னிப்புக் கேட்டவரிடம் "த்ராங்க்கீலோ" சொன்னால் ஆறுதல். கோபத்தில் இருப்பவரிடம் அதையே சொன்னால் "சும்மா கத்தாதே" என்பதுபோல் கேட்கும். "கால்மாத்தே", அதாவது அமைதியாக இரு, என்றால் இன்னும் மோசம். வருத்தத்தில் பேசுகிறாரா, எரிச்சலில் பேசுகிறாரா என்று முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

இந்த மூன்றோடு "நோ ஐ ப்ரொப்லேமா", அதாவது பிரச்சினை இல்லை, என்பதையும் வைத்துக்கொள்ளலாம். எங்கேயும் புரியும், எங்கேயும் தப்பாகாது.

படி 4: இரண்டாவது வாக்கியம்

இதுவரை பார்த்ததை ஒரு சொற்றொடர்க் கையேட்டிலும் படித்துக்கொள்ளலாம். ஆனால் உண்மையில் எதிரில் இருப்பவரின் சங்கடத்தைப் போக்குவது, "நோ பாஸா நாதா"வுக்குப் பின்னால் நீங்கள் சேர்க்கும் இரண்டாவது வாக்கியம். முதல் வாக்கியத்தை யாரும் பழக்கத்தில் சொல்லிவிடுவார்கள். இரண்டாவதைக் கேட்கும்போதுதான், இவர் நிஜமாகவே பொருட்படுத்தவில்லை என்று அவருக்குத் தெரியும். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் பயிற்சி செய்ய நேரமிருந்தால், இதைச் செய்யுங்கள்.

தோழி தாமதமாக வந்து மன்னிப்புக் கேட்கிறாள். "த்ராங்க்கீலா, அக்காபோ தே யெகார்" என்று சொல்லலாம்: நானும் இப்போதுதான் வந்தேன். அது உண்மையில்லை என்றால் "நோ யேபோ மூச்சோ எஸ்பெராந்தோ", ரொம்ப நேரமாகக் காத்திருக்கவில்லை, என்பது பொருத்தம்.

உணவகத்தில் பணியாளர் தட்டை மாற்றிக் கொண்டுவந்துவிட்டு மன்னிப்புக் கேட்கிறார். "நோ ஸே ப்ரெயொக்கூப்பே, நோ ஐ ப்ரீஸா". அவசரம் ஒன்றும் இல்லை என்றவுடன் அவர் முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

யாரோ தவறாகப் புரிந்துகொண்டு வேறு கோப்பு ஒன்றை அனுப்பிவிட்டார். "நோ பாஸா நாதா, ஆ க்வால்க்கியேரா லே பாஸா". யாருக்கும் நடப்பதுதானே என்று பொருள். இந்த வாக்கியம் ரொம்பப் பெருந்தன்மையானது; தவறு அவருடைய குணத்தில் இல்லை, சூழ்நிலையில் இருக்கிறது என்று சொல்லிவிடுகிறது.

ஒருவர் தொந்தரவு செய்வதற்காகவே மன்னிப்புக் கேட்கிறார்: "பெர்தோனே கே லே மொலெஸ்தே". இதற்கு "நோ எஸ் நிங்கூனா மொலெஸ்தியா, தீகாமே". தொந்தரவே இல்லை, சொல்லுங்கள். ஸ்பெயினில் இந்த இடத்தில் "ஃபால்த்தரீயா மாஸ்" என்பதும் கேட்கும். இதைக்கூடச் செய்ய மாட்டேனா என்ற தொனி அதில் இருக்கிறது.

மொழி படிப்பவருக்கு அடிக்கடி வருவது இன்னொன்று: வேகமாகப் பேசிவிட்டு அவரே மன்னிப்புக் கேட்பார். புரிந்திருந்தால் "நோ தே ப்ரெயொக்கூப்பெஸ், தே என்த்தியெந்தோ". புரியவில்லை என்றால் கூச்சப்படாமல் "நோ பாஸா நாதா. உன் போக்கோ மாஸ் தெஸ்பாஸியோ, போர் ஃபாபோர்", இன்னும் கொஞ்சம் மெதுவாக, என்று கேளுங்கள். மன்னிப்பை ஏற்றுக்கொண்டதும் ஆயிற்று, உதவி கேட்டதும் ஆயிற்று.

நம் பெயர்களின் விஷயமும் உண்டு. ஸ்பானிஷில் ழகரம் இல்லை. தமிழரசி, எழில், யாழினி என்ற பெயர்களைச் சொல்லப் பார்த்துத் தடுமாறி மன்னிப்புக் கேட்பவர்கள் நிறைய. "காஸி பெர்ஃபெக்த்தோ", கிட்டத்தட்டச் சரி, என்று சிரித்தபடி ஒருமுறை மெதுவாகச் சொல்லிக்காட்டுங்கள். "பரவாயில்லை, எப்படி வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்" என்று விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. சரியாகச் சொல்ல வேண்டும் என்ற எண்ணத்தில்தான் அவர் மன்னிப்பே கேட்கிறார்.

படி 5: தவறு பெரிதாக இருந்தால்

உண்மையில் நஷ்டம் ஆகியிருக்கும்போது "நோ பாஸா நாதா" கொஞ்சம் பொய்யாகக் கேட்கும். மடிக்கணினியில் காபி கொட்டிவிட்டது, அதைப் பார்த்துக்கொண்டே ஒன்றும் ஆகவில்லை என்றால் யாருக்கும் ஆறுதல் வராது. நடந்ததை ஒப்புக்கொண்டு, ஆளைத் தேற்றுங்கள்:

"நோ தே ப்ரெயொக்கூப்பெஸ், யா லோ அர்ரெக்லாமோஸ்". கவலைப்படாதே, சரி செய்துகொள்ளலாம்.

விபத்து, உடல்நலம் என்றால் "லோ இம்ப்போர்த்தான்த்தே எஸ் கே எஸ்தே பியென்": நீங்கள் நலமாக இருப்பதுதான் முக்கியம். நண்பரிடம் "எஸ்தேஸ் பியென்".

வயதில் மூத்தவரோ மேலதிகாரியோ வருத்தத்தோடு மன்னிப்புக் கேட்டால் "நோ தியெனே போர் கே திஸ்குல்ப்பார்ஸே", நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை, என்பது மிகப் பொருத்தம். "நோ ஐ நாதா கே பெர்தொனார்", மன்னிக்க என்ன இருக்கிறது, என்பதும் அதே எடையுள்ளது. "தெஸ்க்வீதே" என்று ஒரே சொல்லில் மரியாதையாக முடிக்கவும் செய்யலாம்.

உங்களுக்கு வருத்தம் இன்னும் தீரவில்லை, ஆனால் அவர் மன்னிப்புக் கேட்டதை மதிக்கிறீர்கள் என்றால் மறைக்க வேண்டாம். "க்ராஸியாஸ் போர் தெஸீர்மெலோ", என்னிடம் சொன்னதற்கு நன்றி, என்பது நேர்மையான பதில். "அஸெப்த்தோ துஸ் திஸ்குல்ப்பாஸ்", உன் மன்னிப்பை ஏற்றுக்கொள்கிறேன், என்பது கனமானது. பெரிய சண்டைக்குப் பிறகு சரி. "தே பெர்தோனோ" இன்னும் கனம். கால் மிதித்ததற்கு "உன்னை மன்னித்தேன்" என்று சொன்னால் எப்படி இருக்குமோ அப்படித்தான் அங்கேயும் இருக்கும்.

எந்த நாட்டில் என்ன கேட்கலாம்

மெக்ஸிகோவில் "நோ ஸே அப்பூரே", "நோ தே அப்பூரெஸ்" என்பவை கவலைப்படாதீர்கள், கவலைப்படாதே என்ற பொருளில் வரும். வேறு பல நாடுகளில் அதே வினை அவசரப்படுவதைக் குறிக்கும். அதனால் மெக்ஸிகர்கள் சொன்னால் புரிந்துகொள்ளுங்கள், வேறு நாட்டில் நீங்களாகப் பயன்படுத்த வேண்டாம். "நோ ஐ க்விதாதோ" என்பதும் அங்கே மரியாதையான பதில். நண்பர்களுக்குள் "நோ ஐ ப்ரோன்கா".

கொலம்பியாவில் "கே பேனா கோன் உஸ்தெத்" என்று அடிக்கடி கேட்பீர்கள். அது மன்னிப்பு. ஸ்பெயினில் "கே பேனா" என்றால் ஐயோ பாவம், வருத்தமாக இருக்கிறது என்றுதான் பொருள். எனவே ஸ்பெயினில் பழகிவிட்டு கொலம்பியா போகிறவர்களுக்கு இது முதலில் பிடிபடாது. பதில்: "நோ ஸே ப்ரெயொக்கூப்பே", நெருக்கமானவர் என்றால் "த்ராங்க்கீலோ" அல்லது "ஃப்ரெஸ்கோ".

அர்ஜென்டினா, உருகுவேயில் "தோதோ பியென்" என்று லேசாகச் சொல்லிவிடுவார்கள். "நோ தே ஆகாஸ் ப்ரொப்லேமா", "கெதாத்தே த்ராங்க்கீலோ" இரண்டும் அன்றாடம் கேட்பவை. கோஸ்டா ரிகாவில் நன்றிக்கும் நலம் விசாரிப்புக்கும் சொல்லும் "பூரா பீதா"வையே இதற்கும் சொல்லிவிடுவார்கள்.

ஸ்பெயினில் "நோ பாஸா நாதா, ஓம்ப்ரே" என்று கடைசியில் "ஓம்ப்ரே", அதாவது "மனுஷா", சேர்வது சகஜம். பெண்ணிடம் "முகேர்" என்று வரும், அந்த "கே" தொண்டையிலிருந்து கரகரப்பாக. கேட்டு ரசியுங்கள், பழகும் வரை நீங்கள் சேர்க்காமல் இருப்பது நல்லது.

எவற்றைத் தவிர்க்கலாம்

தமிழில் நன்றி சொன்னாலும் "பரவாயில்லை", மன்னிப்புக் கேட்டாலும் "பரவாயில்லை". அந்தப் பழக்கத்தில் நாம் "தே நாதா"வை இரண்டுக்கும் சொல்லிவிடுகிறோம். "தே நாதா" நன்றிக்கு மட்டும். மன்னிப்புக்கு "நோ பாஸா நாதா" அல்லது "நோ எஸ் நாதா". இரண்டிலும் "நாதா" இருப்பதால்தான் குழப்பம். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் சில நாளில் பிரிந்துவிடும்.

"மே தா இகுவால்" என்றால் எனக்கென்ன, எப்படிப் போனால் என்ன என்று கேட்கும். "தா இகுவால்" மட்டும் சொன்னால் பாதகமில்லை, ஆனால் தொனி தவறினால் அலட்சியமாகிவிடும். "நோ இம்ப்போர்த்தா", பரவாயில்லை, என்பது நல்லது. அதையே "நோ மே இம்ப்போர்த்தா" என்று மாற்றினால் எனக்கு அக்கறையில்லை என்ற பக்கம் சாயும். "ஒல்பீதாலோ", அதாவது மறந்துவிடு, என்பது எரிச்சலில் சொன்னதுபோல் விழக்கூடும். ஸ்பெயினில் தனியாக "பாலே", அதாவது சரி, என்று முடித்தால், மன்னிப்பை வேண்டாவெறுப்பாக வாங்கிக்கொண்டதுபோல் இருக்கும். "எஸ்தா பியென்" முகத்தைப் பொறுத்தது. சிரிப்போடு சொன்னால் சரி.

மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும்

எழுத்தில் முகம் தெரியாது. ஆகவே ஒற்றைச் சொல் பதிலைத் தவிர்த்து, படி 4இல் சொன்னதுபோல் இரண்டாவது வாக்கியத்தைக் கட்டாயம் சேருங்கள். வாடிக்கையாளர் தாமதமான பதிலுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினால் "நோ ஸே ப்ரெயொக்கூப்பே. க்ராஸியாஸ் போர் அபிஸார்", தெரியப்படுத்தியதற்கு நன்றி, என்பது எந்த அலுவலகத்துக்கும் பொருந்தும். கூட்டத்தைத் தள்ளிவைத்ததற்கு "நோ ஐ நிங்கூன் இன்கொன்பெனியென்த்தே", எந்தச் சிரமமும் இல்லை. அதற்கு அடுத்த வரியிலேயே வேலை விஷயத்துக்குப் போய்விடுங்கள். அதுவே நீங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதைக் காட்டிவிடும்.

வாட்ஸ்அப்பில் நண்பர்களிடம் "நாதா, த்ராங்க்கி" என்பதோடு ஒரு சிரிப்பு முகம் போதும்.

அவர் விடாமல் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தால்

சிலருக்கு ஒருமுறை சொன்னால் போதாது. ஒவ்வொரு முறையும் அதே "நோ பாஸா நாதா"வைத் திரும்பச் சொன்னால், அது மேலும் மேலும் தேய்ந்துபோகும். இரண்டாவது முறை "தே பெர்தாத்", நிஜமாகத்தான் சொல்கிறேன், என்று சேருங்கள்: "தே பெர்தாத், நோ தே ப்ரெயொக்கூப்பெஸ்". மூன்றாவது முறை "யா எஸ்தா", சரி, அது முடிந்தது, என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுங்கள். "தொமாமோஸ் உன் காஃபே?", ஒரு காபி சாப்பிடலாமா என்று கேட்டால், அதற்குப் பிறகு அவர் மன்னிப்புக் கேட்க மாட்டார். "ஸி" என்பார், அல்லது மணியைப் பார்ப்பார்.